வடக்குச் சுவருக்குள் தண்ணீர்

டில்டாவை அரிசோனாவுக்கு அனுப்பிவிடுவது என்று ஜனவரியில் முடிவானது. அங்கே அம்மாவின் அக்கா இருக்கிறார். துவைத்த துணியைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிடும் ஊர் என்று பெரியம்மா போனில் பெருமையாகச் சொல்வார். பிப்ரவரிக் கூட்டங்களுக்குப் பெரியப்பா எங்கள் சபைக்கு வருகிறார். திரும்பும்போது டில்டாவையும் கூட்டிப்போவார். எப்போது அவள் திரும்பி வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்று அம்மா சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

டில்டாவுக்கு ஆறு வயது. என்னோடுதான் படுக்கிறாள். படுத்த கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சில், கொதிக்கப்போகும் கெட்டிலின் சத்தம் தொடங்கும். நான் அவளைத் தலையணையோடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்வேன். வடக்குப் பக்க அறை எங்களுடையது. ஜன்னலின் பாதி வரை வெளியே பனி ஏறியிருந்தது.

"இந்தப் பிள்ளை ஈரமான வீட்டில் இருக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு டில்டாவின் நெஞ்சைவிட அந்த 'ஈரமான வீடு' என்ற பேச்சுதான் முதலில் போய்த் தைத்தது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் சுவருக்குள் குளிரைத் தடுக்கும் நுரை பீய்ச்சியவர் அப்பா. குழாயிலிருந்து பாயும்போது தண்ணீர் போலிருக்கும். சுவரில் பட்டதும் பொங்கிக் கல்லாகிவிடும். குளிர் நுழைய ஊசிமுனை இடம் இருக்காது.

"அந்த டாக்டர் வாடகை வீட்டுல இருக்கிறவன். அவனுக்குச் சுவரைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அப்பா, லாரியில் ஏறும்போது.

"நெஞ்சைப் பத்தித் தெரிஞ்சா போதாதா?" என்றாள் அம்மா. ஆனால் அதை அவர் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னாள்.

டில்டா தன் பையை அன்றைக்கே கட்டத் தொடங்கிவிட்டாள். கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி உள்ளே போயிற்று. அண்ணன் கோர்டி எடுத்துப் பார்த்தான்.

"அரிசோனாவுல எதுக்குடி இது? கள்ளிச்செடியோட கை குலுக்கவா?"

"குலுக்குவேன். உனக்கென்ன?" என்று பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் இருமல் வந்துவிட்டது. கோர்டி கையுறையை மடித்துத் தானே பைக்குள் வைத்தான்.

எங்கள் வீட்டில் பத்துப் பேர் மூச்சு விடுகிறோம். பத்துப் பேரின் பனிக்கோட்டும் பூட்ஸும் அடுப்பைச் சுற்றிக் காய்கின்றன. நாள் முழுக்க ஏதாவது கொதிக்கிறது. சனிக்கிழமை கீழ்த்தளத்தில் சவுனா. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி எழும் ஆவியில் எல்லோரும் முறை வைத்து உட்காருவோம். இத்தனை ஈரமும் வெளியே போக வழியில்லை. காற்றை மாற்றும் மெஷின் ஒன்று இருந்தது. "காசு கொடுத்துச் சூடாக்கின காத்தை வெளியே தள்ள ஒரு மெஷினா?" என்று அப்பா அதை நிறுத்தி வைத்திருந்தார். காலையில் ஜன்னல் விளிம்புகளில் கிடக்கும் துண்டுகளைப் பிழிவது என் முதல் வேலை.

டாக்டர் சொன்ன பிறகு அப்பா அந்த மெஷினைப் போட்டார். யாரிடமும் சொல்லாமல் போட்டார். அது முனக ஆரம்பித்ததும் நாங்கள் தெரிந்துகொண்டோம். ஒரு வாரத்தில் சமையலறை ஜன்னல்கள் தெளிந்தன. துண்டுகள் உலர்ந்தே கிடந்தன. எனக்கு நம்பிக்கை வந்தது.

எங்கள் அறை மட்டும் மாறவில்லை. கட்டிலுக்குப் பின்னால், பிளக் பாயிண்டைச் சுற்றி, வெண்மையாக உறைபனி பூத்திருந்தது. சுவரடிப் பலகையின் மேல் பழுப்புக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பிளக் மூடியைத் திருகிக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். வசந்தத்தில் பனி உருகும்போது, கீழே அமுங்கிக் கிடந்த இலைகள் வெளியே வருமே, அந்த வாடை. அப்படியானால் ஈரம் எங்கள் மூச்சிலிருந்து மட்டும் வரவில்லை. சுவருக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. பத்தாம் வகுப்பின் நடுவில், கடைசித் தம்பி பிறக்கும் முன் அம்மாவைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளியை விட்டு நின்றேன். தம்பி பிறந்து தவழ்ந்த பிறகும் என்னைத் திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசுவதைவிட ஈரத் துண்டு பிழிவது எனக்குச் சுலபம். போன கோடையில் அப்பாவின் ஆட்களோடு போய், சுவரின் மரச்சட்டத்துக்கு வெளியே பிதுங்கிய நுரையை ரம்பத்தால் சீவினேன். காய்ந்த மரத்தில் அடித்த நுரை லேசில் வராது. பெயர்த்தால் மரத்தின் நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். ஈர மரத்தில் அடித்தால் வெண்ணெய் தடவிய தட்டிலிருந்து ரொட்டி கழன்று வருவது போல வந்துவிடும். விலகிய இடத்தில் சந்து விழும். வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக் காற்று அந்தச் சந்தைத் தேடிப் போய்ச் சேரும்.

வெள்ளிக்கிழமை அம்மா ஏலக்காய் போட்டு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அம்மா, எங்க ரூம் சுவர் உள்ளே நனைஞ்சிருக்கு."

அம்மாவின் கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகப் பிசைந்தாள்.

"மெஷின் போட்டாச்சுல்ல. காயும்."

"அது உள்ளேயிருந்து வருதும்மா. நுரை மரத்துல ஒட்டலைன்னு நினைக்கிறேன். அப்பாகிட்ட சொல்லு. ஒரு பலகையைக் கழட்டிப் பார்க்கலாம்."

"சைமி." அம்மா மாவுக் கையோடு கதவருகே போய், கூடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள். "அது முடிஞ்சு போன விஷயம். அப்பா எப்பவோ வில்பர்ட் மாமாகிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிட்டார். மன்னிச்சதைத் திரும்பத் தோண்டக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

"என்ன சொல்லி வாங்கினார்?"

வில்பர்ட் மாமா அம்மாவோடு பிறந்தவர்; எங்களில் தப்பைச் சபையின் எந்தச் சகோதரரிடம் சொன்னாலும் மன்னிப்பு உண்டு. அம்மா சொன்னது இவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் இந்த வீட்டைச் சபையே கூடிக் கட்டியது. யாருக்கு வீடு என்றாலும் எங்களில் அப்படித்தான். கூலி கிடையாது, சாப்பாடும் காபியும்தான். கூரைக்கான மரம் வந்து சேரத் தாமதமாகி, எழுப்பி நிறுத்திய சட்டங்கள் இலையுதிர் மழையில் நனைந்து, அதன் மேல் பனியும் விழுந்தது. அந்தச் சனிக்கிழமை உட்சுவருக்கு ஜிப்சம் பலகை அடிக்க எல்லோரும் வருவதாக ஏற்பாடு. அதற்குள் நுரை அடித்தாக வேண்டும். அப்பா ஈரம் அளக்கும் மீட்டரை மரத்தில் குத்திப் பார்த்தார். காய இன்னும் பல வாரம் வேண்டும் என்று அது காட்டியது. வேலையை விட்டுவிட்டு வரப்போகிற அத்தனை பேரிடமும், சட்டி சட்டியாகச் சமைத்து வைத்த பெண்களிடமும், 'மரம் ஈரம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வெள்ளிக்கிழமை அடித்துவிட்டார்.

அதோடும் நிற்கவில்லை. அந்த நுரை தானே ஆவியைத் தடுக்கும். அதன் மேல் பாலித்தீன் தாள் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் தாள் ஒட்டாத சுவரை எங்கள் ஊர்க்காரர்கள் சுவர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மறுநாள் யாரோ ஒரு சகோதரர் அன்பாக ஒரு சுருள் கொண்டுவந்து இறக்கினார். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனம் நோகும். அதையும் அடித்தார்கள். வெளிப்புறம் ஏற்கெனவே வெள்ளித்தாள் ஒட்டிய பலகை. நனைந்த மரம் நடுவில். எந்தப் பக்கமும் அது மூச்சு விட முடியாது.

"அவர் ராத்தூக்கம் இல்லாமத்தான் மாமாகிட்டப் போனார்" என்றாள் அம்மா. "அப்புறம்தான் அவருக்கு நிம்மதி. அதைக் கெடுக்காதே."

"அப்ப டில்டா?"

அம்மா மாவை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். பின்னல் கோணலாக வந்தது. பிரித்துத் திரும்பப் பின்னினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் சின்னதுகளும் சவுனாவில் இருந்தார்கள். அப்பாவும் கோர்டியும் கூரை மேலிருந்து பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் டில்டாவுக்கு ஆவி கூடாது என்பதால் நான் அவளோடு அறையில் இருந்தேன். கட்டிலை இழுத்தேன். அவள் வாயையும் மூக்கையும் மப்ளரால் சுற்றிக் கட்டி, வாசலில் நிறுத்தி, கையில் டார்ச்சைக் கொடுத்தேன்.

"என்ன பண்ணப் போறே?"

"உனக்குள்ள புகுந்து இருமல் போடறது யாருன்னு பார்க்கப் போறேன்."

"எலியா?"

"பார்ப்போம்."

பலகை அறுக்கும் சின்ன ரம்பத்தைச் சுவரில் குத்தினேன். மேலே மண்வெட்டிச் சத்தம் பெரிதாக இருந்ததால் தைரியம் வந்தது. மூன்று பக்கம் அறுத்து நாலாவது பக்கம் வந்தபோது மேலே சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும்.

பலகைத் துண்டு மடியில் விழுந்தது. பின்பக்கம் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. பாலித்தீன் தாளுக்குப் பின்னால் தண்ணீர்த் துளிகள், ஜன்னலில் இருப்பது போலவே. தாளைக் கீறினேன். நுரை மரச்சட்டத்திலிருந்து ஒரு விரல் தள்ளி நின்றது. சந்துக்குள் பனிக்கட்டி மின்னியது. சட்டத்தில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போயிற்று.

"எலி இல்லையே" என்றாள் டில்டா, ஏமாற்றமாக.

அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். தொப்பியில் பனி. கையில் உலர்ந்த கையுறை. அதை எடுக்கத்தான் உள்ளே வந்திருப்பார். டில்டாவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து மண்டியிட்டார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். ஓட்டைக்குள் கையை விட்டுச் சட்டத்தைத் தடவினார். அவர் விரலும் உள்ளே போயிற்று.

"இவ்வளவா" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

காதோரப் பனி உருகிக் கழுத்தில் இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சைமி. தப்பு பண்ணிட்டேம்மா. என்னை மன்னிப்பியா?"

எங்களில் ஒருவர் அப்படிக் கேட்டால் மற்றவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, 'இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்களெல்லாம் மன்னிக்கப்பட்டன, நம்பு' என்று சொல்லிவிட வேண்டும். ஷூ நாடா கட்டப் பழகும் முன்பே அந்த வாக்கியம் எங்களுக்குப் பழகிவிடும். உடைந்த பொம்மைக்குச் சொல்லியிருக்கிறேன், கிழிந்த பாவாடைக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னதும் அந்த விஷயம் கடலில் போட்ட மாதிரி. அதற்குப் பிறகு அதைப் பேசுகிறவர் மேல்தான் குற்றம்.

வாயைத் திறந்தேன். அவர் கண் சிவந்திருந்தது. நான் சொல்லிவிட்டால் அவர் எழுந்து, அறுத்த துண்டைத் திரும்ப வைத்துத் திருகி, கட்டிலைத் தள்ளிவிடுவார். டில்டாவின் பை கதவருகே இருந்தது.

"சுவரைத் திறங்கப்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "முழுசா. அப்புறம் சொல்றேன்."

"ஜனவரியிலயா? வெளியே என்ன குளிர்னு தெரியுமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இது அவங்க எல்லாரும் சும்மா வந்து கட்டிக் கொடுத்த வீடு, சைமி. நுரை அடிக்கிறவன் வீட்டுச் சுவரே உளுத்துப் போச்சுன்னா நான் எந்த முகத்தோட சபைக்குள்ள போவேன்? நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அவர் எழுந்து கூரைக்கே திரும்பிப் போனார். கையுறை கட்டிலில் கிடந்தது.

அன்று இரவு அம்மா பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை, சைமி. உன் அப்பா கேட்டுட்டு நிக்கறார். எப்படிடி உனக்கு மனசு வந்தது?"

மனசு வரவில்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஓட்டையின் மேல் டேப் ஒட்டி, டில்டாவைக் கூடத்து சோபாவில் படுக்கவைத்து, நான் கீழே படுத்தேன்.

ஞாயிறு பிரசங்கம் முடிந்து பாட்டு தொடங்கியதும், எப்போதும் போல ஜனங்கள் எழுந்து ஒருவரிடம் ஒருவர் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அப்பா எழவில்லை. சொந்தப் பிள்ளையிடம் கேட்ட மன்னிப்பே கிடைக்காதபோது அவர் யாரிடம் போவார்? பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னாலும் ஆட்கள், பின்னாலும் ஆட்கள். கோட்டைக்கூடக் கழற்ற முடியாமல் வேர்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வில்பர்ட் மாமா காபிக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். சாலைக்கு அந்தப் பக்கம், பழைய மரக்கட்டை வீட்டில் அத்தையோடு இருக்கிறார். நுரை அடித்துத் தருகிறேன் என்று அப்பா பல வருஷமாகக் கேட்டும் மசியாதவர்.

"தேவ சமாதானம்" என்று எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார். "அடேயப்பா, என்ன சூடு! எங்க வீட்டுல நான் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் காபி குடிப்பேன். கதவைச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடும்."

"அதான் சொல்றேன், ஒரு நாள் வேலை..." என்று அப்பா பழக்கத்தில் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

மாமா ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சைமி, இங்க வா. உங்கப்பா உங்கிட்ட ஒண்ணு கேட்டாராமே. நீ ஒண்ணும் சொல்லலையாம். மனசைக் கல்லாக்கிக்கிட்டா யாருக்கு நஷ்டம், சொல்லு?"

சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் நின்றது. அம்மா கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள் டில்டா. "எங்க சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு. காட்டட்டுமா?"

"டில்டா, பெரியவங்க பேசும்போது..." என்றாள் அம்மா.

"சைமி வெட்டினா. நான்தான் டார்ச் பிடிச்சேன். எலின்னு நினைச்சோம். எலி இல்லை, ஐஸ்!"

அவளிடம் யாரும் அது முடிந்துபோன விஷயம் என்று சொல்லியிருக்கவில்லை. மாமாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் பின்னால் போனோம். நான் டில்டாவை வாசலிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டேன். மாமா டேப்பைப் பிய்த்தார். குனிந்து முகர்ந்தார். கையை உள்ளே விட்டவர், எடுத்து, விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார்.

"ஆர்வோ" என்று அப்பா பக்கம் திரும்பினார். "மரம் கொஞ்சம் ஈரமா இருந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னே."

"ஆமா."

"கொஞ்சம்னு சொன்னே."

அப்பா ஓட்டையையே பார்த்தார்.

"நான் மன்னிச்சது அந்தக் கொஞ்சத்தை" என்றார் மாமா. விரலைக் கைக்குட்டையில் துடைத்தார், போகவில்லை. "பிள்ளையை அரிசோனாவுக்கு அனுப்பறது இதுக்காகவா? நெஞ்சு பலவீனம்னுதானேடா எல்லார்கிட்டயும் சொன்னே?"

அம்மா அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"தெரியலை, வில்பர்ட். தெரியாமத்தான் வச்சுக்கிட்டேன். திறந்து பார்த்தா தெரிஞ்சுடும்னு திறக்கலை."

"இது எப்பக் காயும்?"

"உள்பக்கம் முழுக்கத் திறக்கணும். நுரையை வெட்டி எடுக்கணும். உளுத்த சட்டத்தை மாத்தணும். அப்புறம் காத்துல விடணும். மே ஆயிடும்."

"அப்ப மே வரைக்கும் இவ எங்க வீட்டுல தூங்கட்டும். நாலு பக்கமும் காத்து வருது, எவ்வளவு வேணும்னாலும் மூச்சு விடலாம்." மாமா டில்டாவைப் பார்த்தார். "தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குவியா?"

"கையுறையும் இருக்கு" என்றாள் டில்டா. "ரெண்டு ஜோடி."

அவர்கள் காபிக்குத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து சத்தம் கேட்டது. கடப்பாரையை ஜிப்சம் பலகைக்குள் விட்டு நெம்பினார். பலகை மேலிருந்து கீழ்வரை உடைந்து வந்தது. கோர்டி ஒன்றும் கேட்காமல் பழைய போர்வைகளைக் கொண்டுபோய் வாசலில் தொங்கவிட்டான். அப்பா கத்தியால் பாலித்தீன் தாளை உச்சியிலிருந்து கிழித்தபோது, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் ஓடியது. அவர் என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. நானே போய் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பிறகு அவர் சமையலறைக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போதே போனை எடுத்தார்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"லீராய்க்கு. அவன் வீட்டுக்கும் அதே வாரம்தான் நுரை அடிச்சேன்."

லீராய் வீட்டில் ஏழு பிள்ளைகள். சின்னதுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அப்பாவின் சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"லீராய், ஆர்வோ பேசறேன். தேவ சமாதானம். ஒரு தப்பு பண்ணியிருக்கேன். உன் வீட்டுச் சுவர்ல, மரம் நனைஞ்சிருக்குன்னு தெரிஞ்சும்..."

அந்தப் பக்கத்திலிருந்து குரல் உடனே வந்தது. சொற்கள் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த ராகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். லீராய் நல்ல மனுஷன். கேட்டு முடிக்கும் முன்பே மன்னிக்கிறவன்.

"இரு, இரு, லீராய்" என்றார் அப்பா. "அதை அப்புறம் சொல்லு. நான் இன்னும் முடிக்கலை. உன் சின்னப் பிள்ளை எந்த ரூம்ல படுக்குது?"